கழுத்தைக் கொடுக்காதீர்கள்!

காரைக்காலில் ஒரு சலூன். கட்டிங் முடிந்தது. கடை இளைஞர் ஒரு கையை என் மோவாயிலும் இன்னொரு கையை உச்சந்தலையிலும் வைத்து, ‘சார், கழுத்தை லூஸா விடுங்க’ என்றார். வேண்டாம் என்றேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர் சிரித்தார். ‘நாப்பது வருஷமா நெட்டி எடுத்துக்கறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?’

ஹெல்மெட் இல்லாமல் நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவரும் இதையேதான் கேட்பார்.

கழுத்தெலும்பின் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாக இரண்டு ரத்தக் குழாய்கள் மூளைக்குப் போகின்றன. சடாரென்று கழுத்தைத் திருப்பினால் குழாயின் உள்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தம் மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அபூர்வம்தான். ஆனால் உடனே வரும் என்பதில்லை, சில நாள் கழித்தும் வரலாம். அப்போது சலூன் ஞாபகம் யாருக்கு வரும்?

2017ல் டெல்லியில் இப்படி நெட்டி எடுத்துக்கொண்ட 54 வயதுக்காரருக்கு உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கெட்டுப்போனது. மூச்சுவிட மெஷின் வைக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அந்த ‘மளுக்’ சத்தம், எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தம்.

‘நான் சலூனிலா காட்டுகிறேன்? கைரோபிராக்டரிடம் அல்லவா போகிறேன்’ என்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எல்லாம் யூடியூப் உபயம். 1895ல் அமெரிக்காவில் டி.டி.பாமர் என்ற காந்த வைத்தியர், ஒருவரின் முதுகெலும்பைத் தள்ளிக் காது கேட்க வைத்ததாகச் சொல்லி ஆரம்பித்த முறை இது. இடுப்பு வலிக்கு ஓரளவு நிவாரணம் தருகிறது, மறுக்கவில்லை. கழுத்து வேறு சமாச்சாரம்.

அவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. ‘குழாய் ஏற்கெனவே கிழிந்தவர்தான் கழுத்து வலியோடு எங்களிடம் வருகிறார். நாங்கள் கிழிக்கவில்லை.’ சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கழுத்து வலியோடு வருபவரின் கழுத்தை, டாக்டர் பார்க்காமல் திருப்பலாமா?

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. பிரான்சில் இருக்கும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். கைரோபிராக்டிக்கின் பங்காளி ஆஸ்டியோபதி. டாக்டர் அல்லாத ஆஸ்டியோபத் அங்கே கழுத்தைத் திருப்ப வேண்டுமானால், இவருக்குச் செய்வதில் ஆபத்தில்லை என்று டாக்டர் சான்று தர வேண்டும். 2007ல் போட்ட அரசாணை அது. இங்கே பிசியோதெரபிக்காவது 2021ல் சட்டம் வந்தது. கைரோபிராக்டிக்கிற்கென்று சட்டப்படியான தனி கவுன்சில் கிடையாது. யார் கற்றவர், யாருக்கு என்ன ஆயிற்று என்று யார் கணக்கு வைப்பது? அரசு இதற்கு ஒரு விதி செய்தே ஆக வேண்டும்.

அதுவரை நம் கழுத்துக்கு நாம்தான் கவுன்சில். திருப்பிய பிறகு புதிதாகக் கடும் கழுத்துவலி, தலைவலி, தலைசுற்றல், நாக்குழறல், தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தைத் திருப்பியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. காசு கேட்காமல், அன்பாகச் செய்ய வந்தார். தலையை மட்டும் பிடித்துவிடச் சொன்னேன். சுகமான கை!