வயசானா பைக்கை விடணுமா?

"55 தாண்டியாச்சு, இன்னும் என்ன பைக்கு? பஸ்ல போங்கப்பா!" எங்க அணைக்கட்டு பக்கம் வீட்டுக்கு வீடு கேக்குற டயலாக். இடுப்பு வலின்னு வாயைத் திறந்தா போதும், சாவியைப் பிடுங்கிடுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை மக்களே.

பள்ளிகொண்டாவுல ஹைவே ஏறி பெங்களூரு வரைக்கும் கிட்டத்தட்ட 200 கி.மீ. ஒரே மூச்சுல ஓட்டினா, முப்பதைத் தொடாத எனக்கே முதுகு கழண்டுடும். வயசும் ஒரு காரணம்தான். ஆனா அசையாம உக்காந்திருந்தா எந்த வயசுலயும் வலிக்கும்.

ஆம்பூர், பர்கூர், சூளகிரின்னு மணிக்கொரு தடவை இறங்கி 10 நிமிஷம் நடங்க, தண்ணி குடிங்க. பின் பாக்கெட் பர்ஸை எடுத்துடுங்க, இடுப்பு ஒரு பக்கமா சாயாது. ஹேண்டில்பாரை இறுக்காம முழங்காலால டேங்கை அணைச்சுக்கிட்டா விரல் மரத்துப்போறது குறையும். ஆம்பூர் பிரியாணியா? அது திரும்பி வரும்போது :-)

வலி கால் வரைக்கும் இறங்கினா டாக்டரைப் பாருங்க. நெஞ்சு வலின்னா வண்டியை அங்கயே ஓரங்கட்டிட்டு 108-ஐ கூப்பிடுங்க. இதுல வீம்பு வேணாம்.

மத்தபடி, யாரையும் எதிர்பார்க்காம நினைச்ச இடத்துக்குப் போறதுக்கு அப்பாங்களுக்கு இருக்குறது அந்த வண்டிதான். சாவியைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, "எங்கெங்க நிறுத்துவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்களேன்.

நீங்க என்ன சொல்றீங்க?