வாசல் செயலியும் அடுத்தவர் தகவலும்: நம் சங்கத்தின் நிலைப்பாடு

கேட்டில் வருவோர் போவோரைப் பதிவு செய்யும் இலவசச் செயலியை நம் நங்கநல்லூர்க் குடியிருப்போர் சங்கம் ஏற்கலாமா என்ற கேள்விக்கு இனியும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பொதுக்குழுவில் எழுந்த சத்தம், அதன் பிறகு இரண்டு அடுக்ககங்கள் தாமாகவே பதிவைத் தொடங்கியது, வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் நடந்த வாக்குவாதம் எல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை இங்கே மறுபடி கிளறவில்லை. செயலியை விற்க வந்தவர்கள் மாத இறுதிக்குள் முடிவு கேட்கிறார்கள். (இலவசமாகத் தருவதை ‘விற்க’ என்று எழுதியது கைத்தவறு அல்ல.) செயற்குழுவின் முடிவு இதுதான்: இந்தச் செயலியை, இப்போது அது கேட்கும் வடிவில், சங்கம் ஏற்காது. ‘இப்போது அது கேட்கும் வடிவில்’ என்ற சொற்கள் நீண்ட பேச்சுக்குப் பின் சேர்ந்தவை. ஒரேயடியாக மறுக்க வேண்டும் என்றவர்களும் குழுவில் இருந்தார்கள், மறுக்கவே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள்.

செயலி கேட்பது என்னென்ன? பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பேர், அவரவர் வயது, சொந்த வீடா வாடகையா, வண்டி எண். இவ்வளவும் முதல் இரண்டு திரைகளில். மூன்றாவது திரையில் போனில் உள்ள தொடர்பு எண்கள், இருப்பிடம், கேமரா, படங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி. ‘அனுமதி’ என்ற பொத்தான் பச்சை நிறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிறது. ‘பிறகு’ என்பது சாம்பல் நிறத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால் அகப்படுகிறது. ‘வேண்டாம்’ என்ற சொல் அந்தத் திரையில் எங்குமே இல்லை. வந்திருப்பவர் கூரியரா கேஸ் சிலிண்டர்காரரா என்று தெரிந்துகொள்ள வீட்டுக்காரரின் பிறந்த தேதி எதற்கு என்று கேட்டோம். “எல்லா ஆப்பும் கேக்கறதுதான் சார்” என்றார்கள். உண்மைதான், எல்லாமே கேட்கின்றன. டார்ச் அடிக்கும் செயலி கூடக் கேட்டிருக்கிறது: கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்ட ஓர் இலவச டார்ச் செயலி, பயனர்களின் இருப்பிடத்தை அவர்களுக்குத் தெரியாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்ததாக அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2013-இல் நடவடிக்கை எடுத்தது. கடையில் பில் போடப் போன் நம்பரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. இன்றும் கவுன்டரில் முதல் கேள்வி அதுதான். எல்லோரும் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கு உரிமை ஆகிவிடாது.

ஆனால் சங்கத்தின் முதன்மையான ஆட்சேபம் நம் தகவலைப் பற்றியது அல்ல. நம்முடையதை நாம் கொடுத்தால் அது நம் பாடு. இந்தச் செயலிகள் நம்மிடம் வாங்கிக்கொள்வதில் பெரும்பகுதி நம்முடையதே இல்லை என்பதுதான் ஆட்சேபம். போனில் நானூறு எண்கள் இருந்தால் அதில் நம்முடையது ஒன்று. மற்றவை பெங்களூரில் இருக்கும் மகளுடையவை, சம்பந்தியுடையவை, கண் டாக்டருடையவை, சமையலுக்கு வரும் மாமியுடையவை. ஒரு பொத்தானை அழுத்தி அத்தனை பேருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிடுகிறோம். அவர்களில் யாரைக் கேட்டோம்? இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், கொரோனா முடக்கக் காலத்துக் கடன் செயலிகளை நினைத்துப் பார்க்கட்டும். ஐயாயிரம், பத்தாயிரம் கடன் கொடுக்கத் தொடர்புப் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். தவணை தவறியதும், கடனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பழைய பள்ளித் தோழிக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள், படங்களை மார்ஃப் செய்து அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. இத்தகைய மிரட்டல் வழக்கு ஒன்றில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு 2021 ஜனவரியில் சீன நாட்டவர் இருவரையும் கைது செய்தது. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு அந்த ஆண்டு கணக்கெடுத்தபோது செயலிக் கடைகளில் இருந்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறை, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடவே கூடாது என்று தடுத்தது. கடன் கொடுப்பவருக்கே ஆகாத பட்டியல் கேட் திறப்பவருக்கு எதற்கு?

சட்டமும் இதே கருத்தில்தான் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைப் பற்றிச் சொல்லும் 6-ஆம் பிரிவிலேயே ஓர் உதாரணத்தை எழுதி வைத்திருக்கிறது. ஒரு பெண் தொலை மருத்துவச் செயலியை இறக்குகிறார். அது மருத்துவத்துக்கான தகவலோடு தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் வைத்தியத்துக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவருடைய சம்மதம் மருத்துவத் தகவலோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். ‘சரி’ என்று அழுத்தியது அழுத்தியதுதானே என்று வாதிடும் உறுப்பினர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். சம்மத அறிவிப்பை, பயனர் விரும்பினால், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் படிக்க வகை செய்து தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தமிழும் அதில் ஒன்று. நமக்குக் காட்டப்பட்டதோ பக்கம் பக்கமாக ஆங்கிலம்.

இனி வீட்டு வேலைக்கு வருபவர்களைப் பற்றி. இந்தப் பகுதி நீளமாக இருக்கிறது என்று வரைவைப் படித்த சிலர் சொன்னார்கள். சுருக்க மனம் வரவில்லை. செயலி மிக அதிகமாக விவரம் கேட்பது வீட்டுக்காரரிடம் அல்ல, அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரிடம். நாம் உட்கார்ந்த இடத்தில் மூன்று திரைகளைத் தட்டினால் போதும். அவருக்கோ நேராக நிற்க வைத்து முகப்படம், ஆதார் அட்டையின் இரு பக்கப் படம், சொந்த ஊர் விலாசம், எந்தெந்த வீட்டில் வேலை, தினமும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். காலை ஆறரை மணிக்கு முதல் வீட்டுக்கு ஓடும் பெண்ணை வாட்ச்மேன் நிறுத்தி, போனை முகத்துக்கு நேரே நீட்டி, வெளிச்சம் போதவில்லை என்று விளக்கடியில் தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுப்பதற்குப் பெயர் பதிவாம். இதில் அவர் சம்மதம் எங்கே வருகிறது? செயலி அவர் போனில் இல்லை. அவர் எதையும் படிக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. ‘சம்மதிக்கிறேன்’ என்று அழுத்தியது அவர் முதலாளி. மறுத்தால் நாளை முதல் கேட் திறக்காது என்னும்போது அவர் தலையாட்டுவதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது அயோக்கியத்தனம். (இந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று இரு செயற்குழு உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டனர். அவர்களுடைய ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது.) இதோடு முடியவில்லை. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று அவரை மதிப்பிடவும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டதற்காக ஒரு வீட்டுக்காரர் இரண்டு நட்சத்திரம் போட்டால், அதே செயலியில் உள்ள எல்லாக் குடியிருப்புகளும் அதைப் பார்க்கலாம். அவர் மட்டும் பார்க்க முடியாது. பதில் சொல்லவும் முடியாது. நாம் அவருக்கு எத்தனை நாள் சம்பளத்தைத் தள்ளிப் போட்டோம், பண்டிகைக்கு என்ன கொடுத்தோம் என்று நட்சத்திரம் போட அவருக்கு ஒரு கட்டம் உண்டா? தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் 2007-லேயே அமைந்தது. அரசு தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டவரை நம் கேட் சந்தேக நபராக நிறுத்தி வைக்கிறது. ஆதாரைப் பொறுத்தவரை, தனியார் அதைக் கட்டாயமாகக் கேட்க இடம் கொடுத்த ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று நீக்கியது. பதிவு தொடங்கிய இரண்டு அடுக்ககங்களையும் குறை சொல்வது சங்கத்தின் நோக்கம் அல்ல. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். ஆனாலும் அங்கே எடுத்த ஆதார் படங்கள் இப்போது எந்தக் கணினியில் இருக்கின்றன என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தைச் சங்கம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபது வயதைக் கடந்த இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போய்வரும் பெண்களின் கழுத்துச் சங்கிலி பற்றிய பயமும் நியாயமான பயம். ஆனால் சங்கிலி பறிப்பவன் செயலியில் பதிவு செய்துவிட்டு வருவதில்லை. வேலைக்கு வைப்பவரைச் சரிபார்க்க விரும்பினால் அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. சட்டப்படி கேள்வி கேட்கக்கூடிய ஒரு துறையிடம் அந்தத் தகவல் இருக்கும். வாசலில் வந்தவர் யார் என்று அறிய இன்டர்காம் போதும், வாட்ச்மேன் குரல் கொடுத்தாலும் போதும். இப்போதைய பதிவு நோட்டிலும் போன் நம்பர் இருக்கிறதே, அதை யார் வேண்டுமானாலும் புரட்டலாமே என்று கேட்டவர்கள் சொன்னது சரிதான். ஆண்டு முடிவில் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகிறது என்பதும் உண்மை, அது நம் தவறு. அதற்காக, ஒரு தெருவில் நடந்த தவறை ஏதோ ஓர் ஊரின் சர்வரில் பல்லாயிரம் மடங்காக்குவது திருத்தம் ஆகாது.

“நம் நம்பர் ஏற்கெனவே ஊர் முழுக்கத் தெரியும், இனி என்ன” என்பது இன்னொரு வாதம். இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. நம்பர் தெரிந்தவனிடம் வீட்டு எண், வயது, யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதும் சேர்ந்தால்தான் ‘வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்ற குரலுக்கு நம்பகம் வருகிறது. வாட்ஸ்அப் குழு நடத்தும் சங்கம் இதையெல்லாம் பேசலாமா என்ற கிண்டலுக்கும் பதில் உண்டு. ‘ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் போ’ என்று 2021-இல் தனியுரிமைக் கொள்கையைத் திணித்ததற்காக அதே வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை நிலைநிறுத்தியது. ஒரு வலையில் ஏற்கெனவே கால் மாட்டியிருக்கிறது என்பதற்காக அடுத்ததிலும் வைக்கச் சொல்கிறீர்களா?

சட்டம் வந்துவிட்டதே, அது பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: சட்டம் 2023-இல் ஒப்புதல் பெற்றது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, செயலிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். பொய்ப் புகார் கொடுக்கும் குடிமகனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று எழுத மட்டும் மறக்கவில்லை. தகவல் வெளியே போன பிறகு சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தும் தராது. பிரீமியம் வாங்கிக்கொண்டு, ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பில் தொழில் நடத்தும் நம் சென்னையின் ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களே 2024-இல் டெலிகிராம் பாட்கள் வழியே வெளிவந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. காசே வாங்காதவரிடம் எந்தக் கணக்கில் அதைவிட நல்ல பூட்டை எதிர்பார்ப்பது?

இலவசம்தானே என்ற வாதம் இந்த ஊரில் எழுந்ததுதான் வியப்பு. நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியில் இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அது சின்னத் தொகை அல்ல. குழாய் பதிக்கும் முன்பே மக்கள் கட்டினார்கள், திட்டமும் நிறைவேறியது. நாடு முழுவதிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள். என்ன கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம், யாரிடம் ரசீது வாங்குகிறோம் என்று அன்று தெரிந்தது. இந்தச் செயலியிடம் என்ன கொடுக்கிறோம் என்று தெரியவில்லை, ரசீதும் இல்லை. மாதம் இவ்வளவு என்று விலை சொல்லட்டும், பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் கேட்கட்டும். பொதுக்குழுவில் வைத்துப் பேசலாம் என்றோம். விலை சொல்ல மறுத்தார்கள்.

ஆகவே, நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் இந்த வாரமே போகும். தனிப்பட்ட முறையில் செயலியைப் பயன்படுத்த விரும்பும் உறுப்பினர்களைச் சங்கம் தடுக்க இயலாது. தொடர்பு எண்களுக்கும் படங்களுக்கும் அனுமதி தராமல் இருக்குமாறு இயன்றவரை கேட்டுக்கொள்கிறோம். வேலைக்கு வருபவர்களின் படத்தையோ ஆதாரையோ எந்தச் செயலியிலும் ஏற்றக் கூடாது என்பதில் மட்டும் ‘இயன்றவரை’ கிடையாது. இது ஒருமனதான முடிவு. பதிவு தொடங்கிய இரண்டு அடுக்ககங்களும் இதுவரை ஏற்றியவற்றை நீக்கக் கோரி நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அதற்கான கடிதத்தின் நகல் தமிழிலும் ஆங்கிலத்திலும் செயலாளரிடம் இருக்கிறது. படம் எடுக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவரிடமும் அந்தந்த அடுக்ககத்துப் பொறுப்பாளர் நேரில் போய், என்ன எடுக்கப்பட்டது, எங்கே போனது என்று சொல்ல வேண்டும். கேட் நோட்டில் இனி பெயர், வீட்டு எண், நேரம் மட்டும். மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் பொருளாளர் முன்னிலையில் கிழித்துப் போட வேண்டும், பழைய பேப்பர் கடைக்கு அல்ல.