கடமையைக் கைவிட்டவர் யார்?

 

"கடமையைக் கைவிடுதல்" என்பதை வைத்து ஒரு வசனம் எழுதுங்கள் என்று பத்தாம் தரப் பிள்ளைகளிடம் சொன்னேன். பலர் எழுதியது: "வேலைக்குப் போகாத தொழிலாளி கடமையைக் கைவிட்டார்." எழுதியவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. மனசு உறுத்தியது.

கடமையும் கடனும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். சோழர் கல்வெட்டுகளில் 'கடமை' என்றால் நிலவரி, அதாவது கொடுத்தே ஆகவேண்டியது. கைவிடுதல் என்றால் பிடித்த கையை விடுவது. ஒருவரின் கையைப் பிடித்திருப்பவர்தான் கைவிட முடியும்.

நம் தோட்டங்களில் இந்தச் சொல் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பாய்ந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப்போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். துரைமார் அவரை 'போல்டர்' என்றார்கள். கட்டறுத்து ஓடும் குதிரைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல் அது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாறுவதும் கஷ்டம். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து இருக்கிறது, மக்களை இடம் மாற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்தது. மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அதை நாம் 'இயற்கை அனர்த்தம்' என்கிறோம். மழை இயற்கைதான். ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் அசையாமல் இருந்தது இயற்கையா? 'கடமையைக் கைவிடுதல்' என்ற சொல் பொருந்தும் இடம் அதுதான்.

மார்க்கத்தில் பொறுப்பை அமானிதம் என்கிறோம். ஆள் கதிரையில் இருந்துகொண்டே அமானிதத்தைக் கைவிடலாம். ஓடிப்போகத் தேவையில்லை.

இது அதிகாரிகளுக்கு மட்டும் சொல்வதல்ல. கொழுந்து நிறை குறைந்தால் ஒரு தாய்க்கு அரைப்பேர் போடுகிறார்கள். மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வகுப்புக்குள் நுழையும் எனக்கு யார் அரைப்பேர் போடுவது?

நாளைக்கு அதே வசனத்தை மறுபடியும் எழுதச் சொல்லப்போகிறேன். முதலில் நான் நேரத்துக்குப் போகவேண்டும்.