மூன்று கோட்டைகளைக் கண்டவள்

ஆறு நாள் அடுப்பங்கரையில் உழன்ற பின், ஏழாம் நாள் எங்காவது ஒரு மர நிழலில் காலை நீட்டி உட்கார மாட்டோமா என்று உங்களுக்குத் தோன்றுவதில்லையா? ஜப்பானில் ஓஸாகா நகரத்துப் பெண்களுக்கும் அப்படித்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் நேரே கோட்டைக்குப் போய்விடுகிறார்கள்!

ஆமாம், கோட்டைக்குத்தான். நகரத்தின் நடுவே ஏறக்குறைய 260 ஏக்கரில் பரந்து கிடக்கிறது ஓஸாகா கோட்டைப் பூங்கா. பிப்ரவரிக் குளிரிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட உமே மரங்கள் வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கின்றன. மார்ச் முடிவில் செர்ரி பூக்கும். அப்போது பார்க்க வேண்டுமே! மரத்தடியில் விரிப்பைப் போட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இலையுதிர் காலத்திலோ கிங்கோ மரங்கள் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் நிற்கும்.

மதிலையும் பாருங்கள். அங்கே ஒரே ஒரு கல்லின் எடை மட்டும் 100 டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அதைக் கடல் வழியாகக் கொண்டு வந்தார்களாம்!

மாளிகைக்கு வடக்கே, மரங்களின் நடுவே, ஒரு நினைவுக் கல் நிற்கிறது. அதன் அருகே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது ஒரு தாயின் கதை.

அவள் பெயர் யோதோ. 1573-ல், சிறுமியாக இருந்தபோது, ஓதானி கோட்டை விழுந்தது, தகப்பனார் மாண்டார். 1583-ல் கிதானோஷோ கோட்டை விழுந்தது, தாயும் மாண்டாள். தப்பிய மூன்று பெண்களில் மூத்தவள் இவள். அந்தக் கோட்டையை முற்றுகையிட்ட ஹிடெயோஷியே பின்னால் இவளுக்கு நாயகனானான். அதே 1583-ல் ஓஸாகா கோட்டையைக் கட்டத் தொடங்கியவனும் அவன்தான். அவனுக்கு ஒரு மகனைப் பெற்றாள். அவன் கண்ணை மூடியதும் தொல்லை வந்தது.

கோட்டையை வளைத்த தோக்குகாவா படையின் ஷோகன், வேறு யாருமில்லை, இவளுடைய கடைசித் தங்கையின் கணவன்! அந்தத் தங்கையின் மகள்தான் இவளுக்கு மருமகள். 1614-ல் நடுத் தங்கை குறுக்கே நின்று சமாதானம் பேசினாள். சமாதானம் வந்தது, அகழிகளைத் தூர்த்தார்கள். அகழி போன கோட்டை எத்தனை நாள் நிற்கும்? 1615-ல் தீப்பற்றி எரிந்தது. மருமகள் தப்பினாள். தாயும் மகனும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மூன்றாவது கோட்டையிலிருந்து அவள் வெளியே வரவில்லை.

தோக்குகாவாக்கள் திரும்பக் கட்டிய மாளிகையை 1665-ல் இடி எரித்தது. இன்று நாம் காண்பது, 1931-ல் நகரத்து ஜனங்கள் நன்கொடை கொடுத்துச் சிமெண்டில் எழுப்பியது. 1945 ஆகஸ்ட் 14-ல், யுத்தம் முடிவதற்கு முதல் நாள், பக்கத்திலிருந்த ஆயுதத் தொழிற்சாலையின் மேல் குண்டு மாரி பொழிந்தது. பலர் மாண்டார்கள், மாளிகை மட்டும் தப்பியது. ஆயுதம் செய்த அந்த இடத்தில்தான் இன்று பூங்காவின் ஒரு பகுதி இருக்கிறது.

என்றாவது அங்கே போக வாய்த்தால், செர்ரி மரத்தடியில் சாப்பிட்டு எழுந்ததும், அந்தக் கல்லின் முன் போய் நில்லுங்கள். ராஜ்யத்துக்காக மதில் எழுப்பியவர்கள் போய்விட்டார்கள். இன்று அந்த மதிலுக்குள் தாய்மார்கள் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிறார்கள். யோதோவுக்குக் கிடைக்காத பாக்கியம் அதுதானே, சகோதரிகளே?