கைப்பேசி வழியே கல்லூரி அணிக்கு

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் பலம், பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் பருவத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. ஐபிஎல் போல ஏலம் கிடையாது. எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதை மாணவரே முடிவுசெய்கிறார். அதனால் ஒவ்வொரு பயிற்சியாளரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் மனதை வென்றாக வேண்டும். என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகளும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர், வீராங்கனைகளும் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய களத்தில் ஒரு கல்லூரியும் ஒரு மாணவரும் முதலில் சந்தித்துக்கொள்ளும் இடம் இன்று கைப்பேசித் திரைதான்.

தொழில்நுட்பம் மட்டும் இந்த நிலையைக் கொண்டுவரவில்லை, விதிகளுக்கும் அதில் பங்குண்டு. செய்தியாளர்களுக்காக அச்சிடப்பட்ட அணிக் கையேடுகள் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மாணவர்களைக் கவரும் கனத்த வண்ணப் புத்தகங்களாகிவிட்டன. பணக்காரக் கல்லூரிகளின் இந்தப் போட்டியைத் தடுக்க என்சிஏஏ 2005-இல் 208 பக்க வரம்பு விதித்தது. பிறகு அச்சிட்ட கையேட்டை மாணவர்களுக்குத் தருவதையே தடைசெய்தது. பளபளப்பு முழுவதும் இணையத்துக்கு இடம் மாறியது. 2007-இல் பயிற்சியாளர்கள் மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தடை வந்தது. ஓயாத தொல்லையும் அன்றைய கைப்பேசிக் கட்டணமும் காரணங்கள். ஆனால் மின்னஞ்சலுக்குத் தடையில்லை. ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் அனுப்பும் தனிச்செய்தி மின்னஞ்சல் கணக்கில் சேர்ந்தது. அதே கைப்பேசியில், அதே நேரத்தில், வேறு வாசல் வழியாகப் பயிற்சியாளர்கள் நுழைந்தார்கள். 2012-இல் ஆண்கள் கூடைப்பந்தில் தொடங்கிப் படிப்படியாக அந்தத் தடை நீங்கியது. 2016 ஆகஸ்ட் முதல் மாணவரின் பதிவுக்கு விருப்பக்குறி இடவும் அதைப் பகிரவும் அனுமதி கிடைத்தது. கருத்து எழுதக் கூடாது என்பது மட்டும் நீடித்தது.

கையெழுத்தாகும்வரை எந்த மாணவரைப் பற்றியும் பயிற்சியாளர் பொதுவில் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒருவர் சம்மதம் சொல்லிவிட்டார் என்பதை அறிவிக்கும் ஆசையோ அடங்குவதில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த கெவின் சம்லின், ‘யெஸ் சார்’ என்று மட்டும் ட்விட்டரில் போடுவார். யார் என்று சொல்லாவிட்டாலும், ஒரு வீரர் சேர்ந்துவிட்டார் என்று ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள். மற்ற வீரர்களும் புரிந்துகொள்வார்கள் என்பதுதான் முக்கியம். எல்லோரும் அங்கே போகிறார்கள் என்ற எண்ணம் பதின்வயதில் பெரிய இழுவிசை.

இந்த வேலைக்குத் தனித் துறையே உருவானது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் படக்கலைஞர்களையும் வடிவமைப்பாளர்களையும் தன் மாணவர்களையும் கொண்டு சொந்தமாக ஒரு குழு அமைத்ததில் முன்னோடி. குழு இயங்கத் தொடங்கிய பிறகு பல்கலையின் அமெரிக்கக் கால்பந்து அணி இரண்டு தேசியப் பட்டங்களை வென்றதும் குழுவின் பெயரை உயர்த்தியது. பட்டத்துக்குக் காரணம் ட்விட்டர் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற கல்லூரிகள் வடிவமைப்பாளர்களைத் தேட அது போதுமான தூண்டுதலாக இருந்தது. இன்று கல்லூரியைப் பார்க்க வரும் மாணவருக்கு அணியின் சீருடையை மாட்டி, விளக்கு அமைத்துப் படம் எடுக்கிறார்கள். நிச்சயதார்த்தம் ஆகாமலே கல்யாணப் படம் எடுப்பது போன்ற இந்தச் சடங்கில் கல்லூரிக்குச் செலவு சொற்பம். படத்தை மாணவரே தன் பக்கத்தில் போடுவதால் விளம்பரம் இலவசம்.

வேதனை தரும் பகுதி இடம் தருவதாகச் சொல்லும் வாய்மொழி வாக்குறுதி. மாணவர்கள் அதைக் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பெருமிதத்தோடு பதிவிடுகிறார்கள். அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. ஒரே இடத்துக்குப் பலரிடம் பேசி வைத்துவிட்டு, முதல் தெரிவு கிடைத்ததும் மற்றவர்களுக்குப் பதில் எழுதாமல் விடும் பழக்கம் உண்டு. பள்ளி வீரர்களில் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை பெறுபவர்கள் சுமார் 2 சதவீதம்தான். ஊரறிய வாழ்த்து வாங்கிய பிறகு கைவிடப்படும் பிள்ளை, அந்த ஏமாற்றத்தையும் ஊரறியவே சுமக்க வேண்டியிருக்கிறது.

திரை எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது: கல்லூரிகளும் மாணவர்களைக் கண்காணிக்கின்றன. 2006-இல் நெப்ராஸ்காவின் லிங்கனில் தொடங்கிய ஹடில் நிறுவனத்தின் தளத்தில் பள்ளி வீரர்கள் தங்கள் ஆட்டக் காணொளிகளை ஏற்றுகிறார்கள். பயிற்சியாளர் ஊர் ஊராக அலையாமலே பார்த்துவிடுகிறார். கூடவே மாணவரின் பழைய பதிவுகளையும் புரட்டுகிறார். பென் ஸ்டேட் பல்கலையின் துணைப் பயிற்சியாளராக இருந்த ஹெர்ப் ஹேண்ட், சமூக ஊடக நடத்தை காரணமாக ஒரு மாணவரைக் கைவிட்டதாக 2014-இல் வெளிப்படையாகவே எழுதினார்.

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்றானதும் கணக்கு மாறியது. லூசியானா ஸ்டேட் பல்கலையின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாக இருந்த ஒலிவியா டன்னுக்குப் பல லட்சம் பின்தொடர்வோர் இருந்தார்கள். அவரது வருமானம் மற்ற கல்லூரிகளின் கண்ணையும் திறந்தது. எங்கள் அணிக்கு வந்தால் உன் பின்தொடர்வோர் பெருகுவார்கள் என்பதே இப்போது ஆசைவார்த்தை. வீரரின் படங்களை ஆட்டம் முடிந்த சூட்டோடு அவர் கைப்பேசிக்கே அனுப்பும் மென்பொருள்கள் இதற்காகவே வந்துவிட்டன. வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி, 2025 ஜூலை முதல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிர்ந்தளிக்கலாம்; முதல் ஆண்டுக்கான வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரிய அணிகளில் படத்தைவிடப் பணத்தின் குரல் உயர்ந்துவிட்டது.

சிறிய கல்லூரிகளின் கதை வேறு. என்சிஏஏவின் மூன்றாம் பிரிவில் உள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரக் கூடாது. அவற்றில் பலவற்றுக்கு அணியில் சேரும் ஒவ்வொரு மாணவரும் கல்விக் கட்டணம் கட்டும் மாணவர். அங்கே இணையதளத்தில் இருக்கும் விவரப் படிவம்தான் முக்கியமான தூண்டில்: உயரம், எடை, மதிப்பெண், காணொளி இணைப்பு.

கல்லூரி இணையதளத்தின் இதுபோன்ற அழகற்ற பக்கங்களில்தான் உண்மை இருக்கிறது. வீரர் பட்டியலைத் திறந்தால், தான் ஆடும் இடத்தில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முதலாண்டு என்பது தெரியும். பழைய ஆண்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டால் எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்பதும் தெரியும். பயிற்சியாளர் குறிப்பு அவர் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இடம் மாறுகிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். உதவித்தொகை பெறும் வீரர்களில் பட்டம் பெறுவோர் விகிதத்தை வெளியிட வேண்டும் என்று 1990-இலிருந்து கூட்டரசுச் சட்டமே இருக்கிறது. அந்த எண்ணை ஏந்திய வண்ணப் படம் மாணவரின் கைப்பேசிக்கு வருவது அபூர்வம். நேரில் பார்க்க வழியில்லாதபோது இந்தப் பக்கங்கள் இன்னும் முக்கியம்: கொரோனா காலத்தில், 2020 மார்ச் நடுவிலிருந்து 2021 மே இறுதிவரை முதல் பிரிவில் நேரடிச் சந்திப்புகள் முற்றாக நிறுத்தப்பட்டபோது, வளாகத்தை மிதிக்காமலே காணொளியை நம்பி ஒரு தலைமுறை கையெழுத்திட்டது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கொரோனாவுக்கு முன்பும் பின்பும் வழக்கமான நிலைதான். டெல்லியில் வளர்ந்த தமிழரான தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்காக 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் என்சிஏஏ பட்டம் வென்றார். தமிழ்நாட்டின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் ஆடிய வேக் ஃபாரஸ்ட் அணி 2025-இல் டென்னிஸ் பட்டம் பெற்றது. இந்த வழியில் போக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் இருந்தபடி விளம்பரங்களில் தோன்றிச் சம்பாதிப்பது விசா விதிகளை மீறுவதாகலாம். கல்லூரிகளின் பக்கங்களில் மின்னும் விளம்பர வருமான வாக்குறுதிகளில் பெரும்பகுதி அவர்களுக்குப் பொருந்தாது. உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டால் தொடருமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுவதற்கு எந்த விசாவும் தடையில்லை.