கூட்டுவதும் கூட்டித் தள்ளுவதும்

ஆத்தூர் கடைவீதியில் மருந்துக் கடையோ நாட்டு மருந்துக் கடையோ, எதில் ஏறினாலும் இரண்டு வாக்குறுதிகள் கண்ணில் படும். ஒன்று, ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’. மற்றொன்று, ‘ரத்தத்தைச் சுத்தம் செய்யும்’. கொரோனாவுக்குப் பிறகு முதல் வாக்குறுதி சத்துமாவு டப்பா வரை இறங்கிவிட்டது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: உடம்பின் காவல் என்பது கிருமியை அடிப்பது, அடி பலமாக விழுந்தால் நல்லது, அதில் சேரும் அழுக்கை வெளியிலிருந்து ஒரு பாட்டில் வந்து கழுவ வேண்டும். இந்த மூன்றுமே தவறு. நம் மொழியில் ‘கூட்டுதல்’ என்றால் அதிகமாக்குவது. பெருக்கிச் சுத்தம் செய்வதும் அதுதான். விளம்பரம் முதல் பொருளோடு நின்றுவிடுகிறது. உடம்பு பிழைத்துக் கிடப்பதோ இரண்டாவது பொருளால்.

எதிர்ப்பு கூடினால் நன்மைதான் என்பதை முதலில் பார்ப்போம். மக்காச்சோளக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்து அரசு மருத்துவமனைக்கு வருபவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிராகக் குதிரையின் உடலில் உருவான எதிர்ப்பொருள்தான் அந்த மருந்து. தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை போகும். உயிர் பிழைத்து வீடு திரும்பிய சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், மூட்டு வலிக்கும், தோலில் அரிப்போடு தடிப்பு எழும். விஷம் மிச்சம் இருக்கிறதோ என்று வீட்டார் பதறுவது இயல்பு. ஆனால் இது விஷத்தின் வேலை அல்ல. குதிரைப் புரதத்தை அந்நியமாகக் கண்ட உடல், அதற்கு எதிர்ப்பொருள் செய்து முடிக்க அத்தனை நாள் ஆகிறது. இரண்டும் ரத்தத்தில் சந்தித்துப் பின்னிக்கொள்ளும் கட்டுகளே இந்த நோய்க்குக் காரணம். தொண்டை அடைப்பானுக்குக் குதிரை ஊநீர் ஏற்றப்பட்ட குழந்தைகளிடம் இதைக் கவனித்து, வியன்னாவின் குழந்தை மருத்துவர்கள் கிளெமென்ஸ் பிர்கேவும் பேலா ஷிக்கும் 1905-இல் நூலாகவே எழுதினார்கள். காக்க வந்த எதிர்ப்பே நோய் தரும் என்பது அன்றைக்கே தெரிந்த சேதி.

அப்படியானால் விஷமுறிவு மருந்தே வேண்டாமா என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விஷம் சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். இந்தக் காய்ச்சலோ மாத்திரையில் அடங்கும். இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: எதிர்ப்பொருள் மேலும் ஏறிய பிறகுதானே அந்தக் காய்ச்சல் தணிகிறது, ஆக அளவு கூடியதுதானே நன்மை செய்தது? பாதி உண்மை. எதிர்ப்பொருள் குறைவாகவும் அந்நியப் புரதம் மிகுதியாகவும் இருக்கும்போது உண்டாகும் கட்டுகள் சிறியவை. விழுங்கு செல்களின் கையில் எளிதில் சிக்காமல் சுற்றி, சிறுநீரக வடிகட்டியிலும் மூட்டிலும் போய்ப் படிகின்றன. விகிதம் மாறிக் கட்டு பெரிதானதும் அவை வாரி எடுக்கப்படுகின்றன. நோயைத் தீர்த்தது அளவு அல்ல, அகற்றம்.

அகற்றுவது யார்? ரத்தத்தில் எந்நேரமும் மிதக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட காம்ப்ளிமென்ட் புரதங்கள். கிருமியைத் துளைத்துக் கொல்பவை என்றுதான் இவற்றை அறிமுகப்படுத்துவார்கள். அது இவற்றின் ஒரு முகம் மட்டுமே. நம் ஊர் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்து வடித்த பாலைத் தொட்டியில் அசையாமல் விட்டால் மாவு அடியில் கெட்டியாகப் படியும். ஆலைக்கு அந்தப் படிவு வேண்டும், ரத்தத்தில் கட்டுகள் அப்படிப் படிவது உடம்புக்கு ஆகாது. எதிர்ப்பொருள் கட்டு உருவானதும் சி1க்யூ என்ற புரதம் அதை அடையாளம் காண்கிறது. அடுத்தடுத்த வினைகளில் சி3 உடைந்து, அதன் துண்டான சி3பி கட்டின் மேல் இறுக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துண்டுகள் பின்னலுக்குள் புகுந்து அது அளவு மீறிப் பெருத்துப் படியாமல் கரைந்த நிலையிலேயே வைக்கின்றன. சுமைக்கு ஒட்டிய விலாசச் சீட்டும் அதுவே.

சீட்டைப் படித்துச் சுமையைத் தூக்குவது பெரும்பாலும் சிவப்பணு. ஆக்சிஜன் சுமப்பது மட்டுமே அதன் வேலை என்று படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சிவப்பணுவின் மேல் சிஆர்1 என்ற ஏற்பி இருக்கிறது. சி3பி ஒட்டிய பொருள் அதில் போய்ப் பற்றிக்கொள்ளும்; காம்ப்ளிமென்ட் ஒட்டிய கிருமி இப்படிச் சிவப்பணுவில் ஒட்டுவதை ராபர்ட் நெல்சன் 1953-இல் காட்டினார். ஒரு சிவப்பணுவில் இந்த ஏற்பிகள் சில நூறுதான்; வெள்ளணு ஒன்றில் இதைவிடப் பல மடங்கு உண்டு. ஆனால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணு சில ஆயிரம், சிவப்பணுவோ சுமார் 50 லட்சம். எண்ணிக்கை வென்றுவிடுகிறது. இப்படி ஏற்றப்பட்ட கட்டு ரத்தக் குழாய்ச் சுவரில் உரசிப் படியாமல் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்கிறது. அங்குள்ள விழுங்கு செல்கள் தம் ஏற்பிகளால் சுமையைப் பற்றி இறக்கி விழுங்க, சிவப்பணு சேதமின்றி அடுத்த நடைக்குத் திரும்புகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய ரத்தத்திலேயே ஆள் இருக்கும்போது, பாட்டில் எதைச் சுத்தம் செய்கிறது என்பதை விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வாதம். உடலின் எதிர்ப்பு தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் எதிர்ப்பு மிகையால் வருபவை. எனவே காம்ப்ளிமென்ட் குறைவாக இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் அல்லவா? கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பது நேர் எதிர். பிறவியிலேயே சி1க்யூ இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. இறந்த செல்களின் எச்சமும் எதிர்ப்பொருள் கட்டுகளும் அள்ளப்படாமல் தேங்கி, அந்தத் தேக்கமே புதிய எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதே இதற்குத் தரப்படும் முதன்மையான விளக்கம். லூபஸ் நோயாளிகளின் சிவப்பணுக்களில் சிஆர்1 குறைந்திருப்பதும் பல நாட்டு ஆய்வுகளில் கண்டதே. அதற்காகக் காம்ப்ளிமென்ட் தீங்கே செய்யாது என்று நான் வாதிடவில்லை. கட்டு ஒருமுறை சிறுநீரகத்தில் படிந்துவிட்டால், அங்கே அழற்சியை மூட்டுவதும் இதே புரதங்கள்தான். இவற்றைத் தடுக்கும் மருந்துகள் சில நோய்களில் உயிர் காக்கின்றன. தெருவில் இருக்கும் வரை துப்புரவு, வீட்டுக்குள் தேங்கினால் தீ. இடமும் நேரமும் தீர்மானிக்கும் ஒன்றைக் ‘கூட்டு’, ‘குறை’ என்று ஒற்றைச் சொல்லில் அளக்க முடியாது.

கடைசியாக, இந்தப் பிழை ஒரு வீட்டில் எப்படி முளைக்கிறது என்பதையும் பார்க்கலாம். சொறி சிரங்கு வந்த பிள்ளைக்கு அந்தப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறினால், சில சமயம் கட்டுகள் சிறுநீரகத்தில் படிந்து, சுமார் மூன்று வாரம் கழித்துக் காலையில் முகம் வீங்கும், சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். பரிசோதனைச் சீட்டில், டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டிய சி3 பாதியாக இறங்கியிருக்கும். ‘எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு’ என்று டானிக் வாங்கத் தோன்றுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அந்த எண் சொல்வது பற்றாக்குறையை அல்ல, செலவை: கட்டுகளின் மேல் சி3 வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் அது தானாகவே பழைய அளவுக்கு ஏறிவிடும். டானிக் குடித்த வீட்டில் பெயர் டானிக்குக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர் பார்வையில் ரத்த அழுத்தமும் சிறுநீரும் கவனிக்கப்படுவது, உப்பைக் குறைப்பது. அடுத்த பிள்ளைக்கு இது வராமலிருக்க வேண்டியது, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சொறிக்கான களிம்பைப் பூசிக்கொள்வது. அப்படிச் செய்தால் அள்ள வேண்டிய குப்பை பாதி உண்டாகவே உண்டாகாது.