கல்லில் ஒரு புலி!



தாத்தா, பாட்டி ஊருக்குப் போகும்போது பழைய கோயில் மண்டபத்தின் கல் தரையை உற்றுப் பாருங்கள். ஒரு முக்கோணமும் அதன் குறுக்கே சில கோடுகளும் தெரிந்தால், அது ஆடுபுலி ஆட்டக் கட்டம். பக்கத்திலேயே 2 வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் பல்லாங்குழி.

விடியும் முன்பே ஏர் பூட்டியவர்களும், ஆடு மாடு மேய்த்தவர்களும் உச்சி வெயிலில் நிழல் தேடி உட்காருவார்கள். விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு ஏது? கரித்துண்டால் கோடு போட்டால் பலகை தயார். 3 பெரிய கற்கள் புலி. 15 சின்னக் கற்கள் ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது. ஆனால், ஒன்றையொன்று ஒட்டி நின்று 3 புலிகளையும் நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்குத்தான் வெற்றி! ஆடுபவர்கள் 2 பேர்தான். "அங்கே வை, இங்கே வை" என்று யோசனை சொல்ல 10 பேர் நிற்பார்கள்.

நடவும் களையெடுப்பும் இல்லாத நாட்களில் பெண்கள் பல்லாங்குழி ஆடினார்கள். 14 குழிகள், கை நிறையப் புளியங்கொட்டை. ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்கு உரியவர் அள்ளிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் எல்லாமே இனிமை என்று நினைத்துவிடாதீர்கள். வயலில் பாடுபட்ட பலரைச் சாதியின் பெயரால் கோயிலுக்குள்ளும், பெரிய வீட்டுத் திண்ணையிலும் ஏற விடவில்லை. அவர்கள் மரத்தடி மண்ணில் கோடு கிழித்து ஆடினார்கள். மண்ணில் போட்ட கோடு அடுத்த மழைக்கே அழிந்துபோகும். அந்த ஆட்டங்கள் இன்று அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

இப்போது கல்லில் உள்ள கோடுகளும் மறைகின்றன. திண்ணைகளை இடிக்கிறார்கள், பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.

ஆகவே, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தைப் பார்த்து அப்படியே வரையுங்கள் (கல்லைச் சுரண்ட வேண்டாம்!). வயல் வேலை செய்த பெரியவர்களிடம் எங்கே உட்கார்ந்து ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், அதையும் விடாதீர்கள்.

பிறகு அவர்களோடு ஒரு ஆட்டம் போடுங்கள். புலி அவர்களுக்கு, ஆடு உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்